தீப்பெட்டி அளவு சுஜீதா

அந்தப் புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தயாரிப்பறையில் இருந்தவர்கள்:

டாக்டர் நுஹா, ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளர்.

புஷ்பம், றக்வான மலையில் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்.

காத்தமுத்து, அந்தத் தோட்டத்துத் தலைவர். தொழிற்சங்கக் கிளைத் தலைவர் என்று முழுதாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் தலைவர் என்றாலே போதும்.

கஜேந்திரன், அதாவது நான். இரவு வேலைக்காரன். ஏழு மணிக்கே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன்.

சுஜீதா, புஷ்பத்தின் மகள், வயது இருபத்துமூன்று. மேசைமேல், மூடி போட்ட கண்ணாடிப் பெட்டியில், ஒரு தீப்பெட்டி அளவு. மற்றதை அறுபத்தெட்டு நாட்களுக்கு முன்னால் தோட்டத்து மயானத்தில் புதைத்துவிட்டார்கள்.

புஷ்பம் வந்தது அந்தத் தீப்பெட்டி அளவைத் திருப்பிக் கொண்டுபோக. அதற்கென்று மூடியுள்ள ஒரு புதிய தூக்குச்சட்டி வாங்கிவந்திருந்தார். கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அதில் இன்னும் இருந்தது.

எங்கள் ஆய்வுக்கூடம் எஹலியகொடயிலிருந்து இரண்டு மைல் தள்ளி, றப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு பழைய துரை பங்களாவில் இருக்கிறது. இறந்தவர்களின் மூளையிலிருந்து வெட்டிய துண்டுகளை முப்பரிமாணத்தில் படம் பிடிக்கிறோம். மெல்லிய சீவல்களாகச் சீவி ஒவ்வொன்றாகப் பார்ப்பது பழைய முறை. நாங்கள் சீவுவதில்லை. துண்டை அப்படியே சவர்க்காரம் மாதிரி ஒரு திரவத்தில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் கொழுப்பைக் கழுவி எடுப்போம். மூளைக்குள் ஒளி போகாமல் தடுப்பது பெரும்பாலும் கொழுப்புத்தான். அது போனபின் நரம்பணுக்களில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் சாயத்தை ஏற்றுவோம். அதற்கும் வாரங்கள் ஆகும். கடைசியாக இன்னொரு திரவத்தில் இறக்கினால் துண்டு கண்ணாடியாகிவிடும். பிறகு சவர அலகு மாதிரி மெல்லிய லேசர் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்ச, மேலிருந்து கமெரா படமெடுக்கும். ஆயிரக்கணக்கான படங்கள். கணினி அவற்றை அடுக்கினால் துண்டு உள்ளும் புறமுமாகத் திரையில் எழுந்து நிற்கும்.

இது டாக்டர் நுஹா பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்வது. என் வேலை அதைவிடச் சின்னது. இரவு ஏழிலிருந்து காலை ஏழுவரை சூடு சரியாக இருக்கிறதா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்கிறதா, கமெரா நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் விட்டுவிட்டு வந்தவனுக்கு இதற்குமேல் யாரும் தரமாட்டார்கள். மனிதர்களோடு பேசவேண்டியதில்லை என்பதால் நானும் எடுத்துக்கொண்டேன்.

இவர்கள் வந்ததற்குக் காரணமும் நான்தான். துண்டு தந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாங்கள் நன்றிக் கடிதம் அனுப்புவோம். தமிழ்க் குடும்பம், நீ தமிழில் எழுது என்றார் டாக்டர். எழுதினேன். ‘உங்கள் மகளின் மூளைத் திசுவை ஆய்வுக்காக வழங்கியமைக்கு.’ அந்தக் கடிதம் தோட்டத்து ஆபீஸில் மூன்று வாரம் கிடந்து புஷ்பத்தின் கைக்குப் போயிருக்கிறது. லயத்தில், பக்கத்து வீட்டுக் காம்பராவில், உயர்தரம் படிக்கிற நிரோஷா என்ற பெண் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். மகளை முழுதாகப் புதைக்கவில்லை என்பது புஷ்பத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாளே முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். சிங்களம் பேசவேண்டி வரும் என்று தலைவரையும் கூட்டிவந்தார். தலைவர் வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. வாசலில் காவற்காரரிடம் அவர் பேசிய சிங்களத்தைக் கேட்டுவிட்டுக் காவற்காரர், “என்ன மாத்தயா” என்று, ஓர் ஐயாவுக்குரிய மரியாதையோடு எழுந்து நின்றுவிட்டார்.

“இரிங்க,” என்றார் டாக்டர் நுஹா. அவர் இரத்தினபுரிக்காரர், நல்ல தமிழ் பேசுவார். தலைவர் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் ஏமாந்தவர் போல உட்கார்ந்தார்.

புஷ்பம் உட்காரவில்லை. பக்கத்து நாற்காலியில் பையை மட்டும் வைத்தார். “எங்கங்க இருக்கு எம்புள்ள?”

டாக்டர் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். அந்தக் காலை ஆறு மணிக்குத்தான் ஒரு பக்கத்தைப் படமெடுத்து முடித்திருந்தோம். ஒளி ஓரளவு ஆழத்துக்குத்தான் போகும். துண்டைப் புரட்டி ஒட்டி மறுபக்கத்தையும் எடுக்க வேண்டும். புரட்ட இரண்டு பேர் வேண்டும், அதனால்தான் நான் போகாமல் இருந்தேன்.

புஷ்பம் குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் வந்து பார்த்தார். பிறகு பெட்டிக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தார். கை நன்றாகத் தெரிந்தது.

“இதுல ஒண்ணும் இல்லீங்களே.”

“இரிக்கி. தெரியாது, அவ்வளவுதான்,” என்றார் டாக்டர்.

தலைவர் எழுந்து வந்து பார்த்தார். “வெறும் தண்ணி, நோனா,” என்றார் டாக்டரம்மாவிடம். என் பக்கம் திரும்பினார். “என்னா தம்பி, மலங்காட்டு ஆளுங்கதானேன்னு தண்ணிய காட்டுறீங்களா?”

நான் கையுறை போட்டுக்கொண்டு துளைக் கரண்டியை உள்ளே விட்டுத் தூக்கினேன். திரவத்துக்கு வெளியே வந்தால்தான் அதற்கு உருவம் வரும். தோலுரித்த ரம்புட்டான் போலப் பளபளத்தது. அதற்கு அடியில் கரண்டியின் துளைகளை எண்ணலாம்.

“இது மூளையா?” என்றார் புஷ்பம். “ஆட்டு மூள அறுத்திருக்கேன். எனக்குத் தெரியாதா? இது யாரோ ஜெலி செஞ்சு வச்சது.”

“கொழுப்ப எடுத்தா இப்படித்தான் வரும்.”

“எம்புள்ளைக்கு ஏதுங்க கொழுப்பு. முப்பத்தெட்டு கிலோ இருந்தா.”

நான் துண்டை மறுபடியும் திரவத்தில் இறக்கினேன். அது காணாமல் போவதைப் பார்த்துவிட்டுப் புஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் சம்மதப் பத்திரம் இருந்த கோப்பை எடுத்துவந்தார். குரலை உயர்த்தவில்லை. “நாங்க களவா எடுக்க இல்ல. உங்கட குடும்பத்துல சம்மதிச்சு ஒப்பம் வெச்சிருக்காங்க. இஞ்ச பாருங்க. காத்தமுத்து, மாமன்.”

புஷ்பம் தலைவரைப் பார்த்தார். புஷ்பத்தின் கணவர் இறந்து மூன்று வருடம். சுஜீதா இறந்த அன்று பிரேத அறைக்கு முன்னால் வேனை விட்டு இறங்கப் புஷ்பத்தால் முடியவில்லை. உள்ளே போய் எல்லாவற்றையும் பார்த்தது தலைவர்தான். தோட்டத்தில் எந்தக் குடும்பத்துக்கும் ஆஸ்பத்திரி, பொலிஸ், அரசாங்கக் கச்சேரி என்றால் அவர்தான் போவார். மாமன் என்று எழுதினாலும் யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்.

“நீங்க வாசிச்சுத்தானே வெச்சீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“வாசிச்சேன் நோனா. வாசிக்காம நான் எதுலயும் கை வைக்கிறது இல்ல.”

“அப்ப அவங்களுக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க. என்ன எழுதியிருக்கு எண்டு கேக்கட்டும்.”

டாக்டர் அதில் பொறி எதுவும் வைக்கவில்லை. நல்லதற்குத்தான் சொன்னார். தலைவர் கண்ணாடியைப் போட்டு, தாளில் விரலை வைத்து, சிங்களத்தில் வாசிக்கத் தொடங்கினார். ஓர் அதிகாரி வாசிப்பது மாதிரி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. இன்ன தோட்டத்து இன்னாரின் பிரேதம் பரிசோதனை முடிந்து உறவினரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அடக்கம் செய்யத் தடையில்லை. பிறகு அதையே தமிழிலும் சொன்னார். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

அவர் சொன்னதில் ஒரு வரிகூட அந்தத் தாளில் இல்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் விட்டுவிடக்கூடியவர். இன்னொருவர் கூச்சப்படுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எனக்கு அப்படி இல்லை.

“தலைவரே, அந்தப் பேப்பர்ல அப்படி ஒண்ணும் இல்ல.”

“சட்டத்துல சுத்தி வளைச்சுத்தான் எழுதுவாங்க தம்பி.”

“வளைக்கல. நீங்க வெரல் வச்சிருக்கிற வரியில, இஷ்டம் இல்லாட்டி மாட்டேன்னு சொல்லலாம்னு இருக்கு. கட்டம் போட்டு, பெரிய எழுத்துல.”

அவருடைய விரல் அந்த இடத்திலேயே இருந்தது. வெளியே யாரோ விழுந்த றப்பர் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பேசுவேன்,” என்றார் தலைவர். “நல்லாப் பேசுவேன். எழுத்து தெரியாது.”

முப்பது வருடமாக இதை யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதுமில்லை. தமிழ் வாசிப்பார், எழுதுவார். சிங்களத்தை அவர் பேசுகிற மாதிரி பேசுகிறவனுக்கு எழுத்துத் தெரியாது என்று லயத்திலும் நினைக்கமாட்டார்கள், ஆபீஸிலும் நினைக்கமாட்டார்கள். அவரே பேச்சால் முன்னுக்குப் போய், தாள் வந்ததும் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அடுத்த பேச்சுக்குப் போயிருக்கிறார்.

“அப்ப எங்க ஐடென்டி கார்டு பேப்பரெல்லாம் யாரு நெரப்புனா?” என்றார் புஷ்பம்.

“அது ஆபீஸ்ல நெரப்பிக் குடுத்தாங்க. நான் பேசினேன்.”

“பொன்னுத்துரை அண்ணனோட வழக்கு?”

“அதுலயும் பேசினேன்.”

“தோத்துப்போச்சே.”

“ஆமா.” அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அன்னைக்கு மழை புஷ்பம். வேன்காரன் ஹோன் அடிச்சுக்கிட்டே இருந்தான். நாலு பேப்பர் நீட்டுனாங்க. இங்க போடு, இங்க போடுன்னான். நாலுல இது எதுன்னு இப்பவும் எனக்குத் தெரியல.”

புஷ்பம் தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்து அறையின் மறுபக்கத்தில் தரையில் வைத்தார்.

டாக்டர் கோப்பை மூடினார். “அப்ப இது சம்மதம் இல்ல. உங்கட பிள்ளை, நீங்க கொண்டுபோகலாம். கடிதம் கிடிதம் எல்லாம் நான் பாத்துக்கொள்றேன்.”

ஒரே மூச்சில் சொன்னார். ஒன்பது வார வேலை. வலிப்பு வந்து இறந்த இளவயதுக்காரர்களின் மூளையில் எங்களிடம் இருந்தது இது ஒன்றுதான். அவர் சொன்ன வேகத்தைப் பார்த்தால், நிதானமாகச் சொன்னால் மனம் மாறிவிடும் என்று பயந்தவர் போல இருந்தது.

புஷ்பம் தூக்குச்சட்டியைத் திறந்தார். பெட்டிக்குள் பார்த்தார். திரும்பவும் மூடினார்.

“இத எப்படிங்க மண்ணுல வைக்கிறது? கண்ணுக்கே தெரியலையே. குழியில தண்ணி ஊத்துன மாதிரி போயிரும். எம்புள்ளையத்தான் வச்சேன்னு நான் எப்படி நம்புறது?”

டாக்டருக்கு ஒரு வழி தெரியும். அதை அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

“உப்புத் தண்ணியில போட்டா திரும்ப வெளுக்கும்.”

“கஜேன்,” என்றார் டாக்டர்.

உப்புத் தண்ணீரில் போட்டால் துண்டு ஊதிவிடும். மறுபடியும் கண்ணாடியாக்கினாலும் அந்தக் காலை எடுத்த பாதியோடு பொருந்தாது. அதாவது போட்டால் படம் அவ்வளவுதான். தெரிந்துதான் சொன்னேன்.

“முழுசா பழைய நெறம் வராது,” என்றேன். “கஞ்சித் தண்ணி நெறத்துக்கு வரும். ஆனா கண்ணுக்குத் தெரியும், கையில எடுக்கலாம். இதோட விளிம்ப வெட்டினப்ப விழுந்த சீவல் ஒண்ணு இருக்கு. அதப் போட்டுக் காட்டுறேன்.”

சீவல் நகத்தின் அளவு, நகத்தைவிடக் கொஞ்சம் தடிப்பு. இன்னொரு போத்தலில், அதே திரவத்தில், அதுவும் தெரியாமல் கிடந்தது. எடுத்து உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டேன். நான்கு பேரும் கிண்ணத்தைச் சுற்றி நின்றோம். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு வந்தது. கோடு தடித்து உள்ளே போனது. பத்து நிமிடத்தில் கிண்ணத்தின் அடியில் ஒரு வெண்மையான துணுக்குக் கிடந்தது. ஒரு பக்கத்தில் மூளைக்குரிய மடிப்பும் தெரிந்தது.

புஷ்பம் கிண்ணத்தின் மேல் குனிந்தபடியே இருந்தார். “சரி,” என்றார். “இது இருந்துச்சு. இருந்திருக்கு.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பெருச போட்டா எவ்வளவு நேரம் ஆகும்?”

“சாயங்காலம் ஆகிரும்.”

“போடுங்க.”

நான் பெட்டியின் பக்கம் போனேன். டாக்டர் நடுவில் வந்து நின்றார். தடுக்கவில்லை, நின்றார். “ஒண்ணு கேக்கட்டா? கேட்டுட்டு நீங்க வேணாமெண்டா வேணாம். நானே தண்ணியில போடுறேன். இதப் பாருங்க.”

கணினித் திரையைத் திருப்பினார். அன்று காலைவரை எடுத்த பாதி. கறுப்புப் பின்னணியில் செம்மஞ்சள் இழைகள், ஆயிரக்கணக்கில், வேரும் கிளையுமாக. டாக்டர் அதை மெதுவாகச் சுழற்றினார். தலைவர் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். முப்பது வருடம் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்த புஷ்பம் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விரலை நீட்டினார்.

“எல்லாம் நெரையா நட்டிருக்கு. இங்க மட்டும் பிசகியிருக்கே. கொட்டி வச்ச மாதிரி.”

டாக்டர் சட்டென்று என்னைப் பார்த்தார். மாணவர்களுக்கு அந்த இடத்தைக் காட்ட அவருக்கு அரைமணி நேரம் ஆகும்.

“அதுதான் நான் சொல்ல வந்தது. இந்த அணுக்கள் இன்னும் மேல போயிருக்க வேணும். போற வழியில நிண்டுட்டுது. வலிப்பு இஞ்ச இருந்துதான் வந்திருக்க வேணும் எண்டு நினைக்கிறேன்.”

“எப்ப நின்னுச்சு?”

“பொறக்க முந்தி. வயித்துல நாலஞ்சு மாசத்துல.”

“ஏணையிலேருந்து விழுந்ததால இல்லீங்களா?”

டாக்டருக்குப் புரியவில்லை. புஷ்பம் சொன்னார். சுஜீதாவுக்கு எட்டு மாதம். காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, மணி அடித்துவிட்டது. பேர் போடப் போகவேண்டிய அவசரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் சேலையால் ஏணையைக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடினார். ஒன்பது மணிக்கு முடிச்சு அவிழ்ந்து பிள்ளை சிமெந்துத் தரையில் விழுந்தது. ஆறு வயதில் வலிப்பு வந்தபோது எல்லோருக்கும் அந்த முடிச்சு ஞாபகம் வந்தது. பிறகு யாரும் அதை மறக்கவிடவில்லை. அதே பிள்ளைக்காம்பராவில்தான் சுஜீதா வளர்ந்து பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஏணை கட்டும்போது மூன்று முடிச்சுப் போடுவாளாம்.

“முடிச்சு போட்டது நான்,” என்றார் புஷ்பம்.

“முடிச்சு இல்ல. இந்த இடம் அதுக்கு முந்தியே இப்பிடித்தான்.”

“அப்ப வயித்துலயே. அதுவும் நான்தானே.”

ஆறுதல் சொல்லப் போய் இன்னொரு பாரத்தைத் தூக்கி வைத்துவிட்டது டாக்டருக்கே தெரிந்தது.

“சில பேருக்குக் கையில ஆறு வெரல் இருக்கு,” என்றேன். “அது யாரு செஞ்சது?”

புஷ்பம் யோசித்தார். “எங்க கொழுந்தனுக்கு இருக்கு. யாரும் ஒண்ணும் சொல்றது இல்ல. வெத்தல மடிக்கத் தோதுன்னு அவரே சொல்லுவாரு.”

“அது மாதிரித்தான். இது உள்ள இருந்ததால தெரியல.”

“ஆனா இது பாதிதான்,” என்றார் டாக்டர். “மத்தப் பாதியையும் பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்லலாம். அதுக்குப் பதினொரு மணித்தியாலம் வேணும். முடிஞ்ச கையோட தண்ணியில போட்டா விடியக்குள்ள வெளுத்துரும். பாத்தா சுஜீதாவுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. பொய் சொல்லமாட்டேன்.”

புஷ்பம் திரையைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார்.

“இவ்வளவு நாளும் இது எங்க இருந்துச்சு?”

“இஞ்சதான். அந்த அறையில, சூடு வெச்ச தொட்டியில.”

“ராத்திரியில?”

“ராத்திரியும் அங்கதான்.”

“ராத்திரியில யாரு இருந்தா?”

“நான்,” என்றேன்.

“பக்கத்துலயா?”

“அடுத்த அறை. கதவு தொறந்துதான் இருக்கும்.”

“முழிச்சிருந்தீங்களா தம்பி?”

பொய் சொல்லியிருக்கலாம். “முழிச்சுத்தான் இருந்தேன். ஆனா போன்ல கிரிக்கெட் பாத்துக்கிட்டிருந்தேன். எப்பவாச்சும் எழும்பி வந்து பாப்பேன்.”

போன் பார்ப்பது எனக்குத் தடை. டாக்டரின் பார்வை என் கன்னத்தில் பட்டது. புஷ்பம் தலையாட்டினார்.

“சாவு வீட்டுல ஆம்பளைங்க விடிய விடிய சீட்டுத்தான் ஆடுறாங்க. இந்தா தலைவரு இருக்காரே, எங்க வீட்டு வாசல்லயே அன்னைக்கு விடியற வரைக்கும் ஆடினாரு. ஆள் இருந்தாப் போதும்.”

“பாதியில எழும்பி வீட்டுக்குப் போயிட்டேன்,” என்றார் தலைவர். அன்று காலை யாரும் கேட்காமல் அவராக ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

புஷ்பம் தரையில் பையின் பக்கத்தில் உட்கார்ந்தார். விரல்களை மடித்து ஏதோ கணக்குப் பார்த்தார்.

“பதினோரு மணி நேரம். ராத்திரி ஆயிரும். அப்புறம் தண்ணி, விடியற வரைக்கும். ஒரு ராத்திரி பொணத்த வீட்டுல வச்சிருந்து மறுநாள் எடுக்கிறதுதானே. அவ்வளவுதான் ஆகுது.” தலையை உயர்த்தினார். “எடுங்க டாக்டரம்மா. முடிச்சோ வயிறோ, எதுன்னு பாத்து எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. ஆனா நான் பக்கத்துல இருப்பேன்.”

“அது ஏலாதே. அந்த அறைக்குள்ள இருட்டா இரிக்க வேணும். படம் ஓடுறபோது யாரும் உள்ள இரிக்கிறதில்ல. நாங்களே போறதில்ல.”

அது உண்மை. போன வருடம் பார்க்க வந்த ஒருவர் கதவைத் திறந்து கைபேசி வெளிச்சத்தை அடித்து, இரண்டு நாள் படத்தைக் கெடுத்தார். அதற்குப்பிறகுதான் பூட்டு.

“இருட்டு எனக்கு ஒண்ணும் செய்யாது.”

“பதினொரு மணித்தியாலம் சும்மா இரிக்க வேணும்.”

“இருப்பேன். அன்னைக்கு ராத்திரி பூரா சுஜீதா தலமாட்டுல இருந்தேங்க. அப்ப இது அங்க இல்ல. இல்லாம இருந்தது எனக்குத் தெரியல. பாதிக்கு இருந்துட்டு பாதிய விட்டுட்டேன்.”

டாக்டர் திரும்பி வெளியே போனார். மறுத்துவிட்டார் என்று நினைத்தேன். தலைவரும் அப்படித்தான் நினைத்து எழுந்தார். டாக்டர் தன் அறையிலிருந்து ஒரு தடித்த சால்வையோடு திரும்பி வந்தார்.

“உள்ள ஏசி. குளிரும்,” என்று புஷ்பத்தின் கையில் கொடுத்தார். “போன் இருந்தா வெளியில வெக்க வேணும். மெஷினத் தொடக்கூடாது. ஒண்ணுக்குப் போகணுமெண்டா இப்பவே போயிட்டு வாங்க.”

தலைவர் கதவோரம் நின்றார். “நான் இருக்கட்டுமா புஷ்பம்?”

“நீங்க போங்க. லயத்துல சொல்லி நாளைக்குப் பகலுக்கு மண்வெட்டி எடுத்து வைக்கச் சொல்லுங்க. அவ பக்கத்துலயே சின்னதா ஒரு குழி.”

“கேட்டா என்னான்னு சொல்றது?”

“எம்புள்ளையோட மிச்சம் வருதுன்னு சொல்லுங்க. உங்க கதையை நான் எதுக்கு சொல்லப்போறேன்.” சால்வையைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார். “ஆனா இனிமே சிங்களப் பேப்பர் வந்தா முதல்ல நிரோஷாகிட்ட குடுங்க. அதுக்கப்புறம் நீங்க போயி பேசுங்க. பேச்சுக்கு உங்கள விட்டா ஆளு இல்ல.”

தலைவர் மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார். வாசலில் காவற்காரர் எழுந்து ஏதோ கேட்டார். தலைவர் சிங்களத்தில் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டியதை யன்னல் வழியாகப் பார்த்தேன்.

நானும் டாக்டரும் துண்டைப் புரட்டினோம். அவர் பிடிக்க, நான் அடியில் பசை வைத்து ஒட்டினேன். ஒட்டும்போது டாக்டரின் உதடு அசைந்தது. தன் வழக்கப்படி ஏதோ ஓதினார். நாங்கள் தூக்கிக்கொண்டு நுணுக்குக்காட்டி அறைக்குப் போக, புஷ்பம் பின்னால் வந்தார். செருப்பை வாசலில் கழற்றினார். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

இயந்திரத்தின் தொட்டிக்குள் துண்டு இறங்கியது. ரம்புட்டான் மாதிரி இருந்த அது, திரவம் தொட்ட இடத்திலிருந்து மறைந்து, கடைசியில் ஒட்டியிருந்த தட்டு மட்டும் தெரிந்தது. இந்தத் தடவை புஷ்பம் முகத்தைத் திருப்பவில்லை.

“உள்ளதான் இருக்கா,” என்றார். கேள்வியாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது.

“உள்ளதான்,” என்றேன்.

மூடியைப் போட்டோம். டாக்டர் கணினியில் இலக்கங்களைச் சரிபார்த்து ஓட்டத்தைத் தொடக்கினார். இயந்திரம் ஒரு தடவை உறுமிவிட்டு மெல்லிய சத்தத்துக்கு வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்னத் தட்டு. டாக்டர் திரையை அணைத்து, கறுப்புத் துணியால் மூடிவிட்டு வெளியே போனார்.

நான் முக்காலியை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். புஷ்பம் அதில் உட்காரவில்லை. தரையில், தொட்டி இருந்த பக்கத்தில், சுவரில் சாய்ந்து கால்களை மடக்கி உட்கார்ந்தார். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

“கைப்பிடிய உள்ளேருந்து திருப்பினா கதவு தொறக்கும்,” என்றேன். “ஏலாம வந்தா வாங்க. படம் போனா போகட்டும். வெளியேருந்து யாரும் வரமாட்டாங்க, சாவி எங்கிட்டத்தான்.”

“நீங்க வீட்டுக்குப் போகல்லையா தம்பி? ராத்திரி பூரா முழிச்சதுதானே.”

“இங்க வெளியிலதான் படுக்கப்போறேன்.”

“படுங்க. நான் இருக்கேன்.”

விளக்கை அணைத்தேன். இருட்டில் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு, யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி, மிகத் தாழ்ந்த குரலில் ஏதோ பேசத் தொடங்கினார். எனக்குச் சொன்னதல்ல. வெளியே வந்து கதவைச் சாத்தி, சாவியை இரண்டு தடவை திருப்பிப் பூட்டினேன்.